தஸ்நேவிஸ் கல்லறையில் ஒன்றும் முளைக்கவில்லை

புன்னைத்துறைக் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் நட்டது ஒன்றும் முளைக்காமல் நடாததெல்லாம் முளைத்த அந்த ஐப்பசியில், மழை விட்ட மறுநாள் காலை, பூசை முடிந்து வந்த சனம் முழுக்க அவரவர் வீட்டுக் கல்லறைமேல் என்ன வந்திருக்கிறது என்று குனிந்து பார்த்து, சிலர் சிரித்தும் சிலர் முகம் சுண்டியும் நின்றுகொண்டிருந்தபோது, ஜெனோவா மட்டும் தன் புருசன் தஸ்நேவிஸின் கல்லறை முன்னால் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றாள். அதில் ஒன்றுமே முளைத்திருக்கவில்லை.

அதற்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் புல் இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்லறைகளையெல்லாம் பார்த்துவிட்டு வந்து, நம் அப்பன் ஆத்தா மட்டும் முள்ளுக்காட்டிலா கிடப்பது என்று ரோசப்பட்டு, இருந்த செடி கொடியையெல்லாம் பொக்லைன் விட்டு வழித்து, சிலுவைகளை ஒரே உயரத்துக்கு நிறுத்தி, லாரி லாரியாகக் கொரியப் புல் இறக்கி, நடைபாதை ஓரத்தில் குரோட்டன்ஸ் வரிசை வைத்து, தோட்டத்தை ஓட்டல் வாசல் மாதிரி ஆக்கினார்கள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பட்டாம்பூச்சி வருவதில்லை, தேன்சிட்டு வருவதில்லை, ஓணான்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருசமே புல்லுக்கு ஏதோ பூஞ்சைக் காளான் பிடித்து, ஒரு மூலையில் வட்டமாகத் தொடங்கியது வாரத்துக்குள் முழுத் தோட்டத்தையும் சாக்குத் துணி நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

அப்போதுதான் பங்குச்சாமியார் ததேயு, செமினரிக்குப் போகுமுன் தாவரவியல் படித்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவிசேஷத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புல்லைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். "ஒரே சாதிப் புல்லை மட்டும் வச்சா ஒரே நோய் வந்து ஒட்டுமொத்தமா வாரிக்கிட்டுப் போயிரும். நூறு வகை இருந்தா பத்து போனாலும் மிச்சம் நிக்கும். கல்லறைத் திருநாளுக்கு முன்னால வீட்டுக்கொரு விதை கொண்டுவாங்க. ஒரு வீட்டார் கொண்டுவந்ததை இன்னொரு வீட்டார் கொண்டுவரக் கூடாது" என்றார். எங்கள் ஊருக்கு இந்தப் போட்டி போதாதா? அவள் அவரை விதை கொண்டுபோகிறாள் என்று தெரிந்து இவள் முந்திக்கொண்டு அதையே கொண்டுபோக, அவள் மொச்சைக்கு மாற, மொச்சைக்கு வேறொருத்தி உரிமை கொண்டாட, கோயில் வாசலில் வாய்ச்சண்டை வந்து ஒருவழியாக எல்லா விதையும் சேர்ந்தது. கல்லறைமேல் நட்டால் வேர் போய்க் கல்லைப் பிளக்கும் என்று ஊர்க் கமிட்டி தடை சொன்னதால், சுற்றுச்சுவர் ஓரமாகப் பாத்தி கட்டி விதைத்தோம். மழை பெய்தது. பாத்திகள் அப்படியே கிடந்தன. கல்லறைகள் முளைத்தன.

தொட்டதுக்கெல்லாம் கோபித்துக்கொண்டு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகும் பழைய ஹெட்மாஸ்டர் கல்லறையில் தொட்டாச்சிணுங்கி வந்தது. வீடு வீடாகப் போய்ப் பேச்சை ஒட்டவைத்துவிட்டு வரும் மாசில்லாமணியம்மாள் கல்லறையில் நாயுருவி வந்து, அந்தப் பக்கம் போனவர்கள் சேலையிலெல்லாம் ஒட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தது. எங்கள் பங்கில் இறந்துபோன முந்தைய சாமியார் ஒருவருக்குக் கத்தரிச்செடி வந்தபோது, அவருக்குச் சமைத்துப் போட்டவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறந்த அன்றே போய்விட்ட, பேர்கூட வைக்காத குழந்தைகளின் மூலையில் தும்பை பூத்து, அதன்மேல் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. வாயே திறக்காமல் வாழ்ந்து செத்த ஒரு தாய்க்குச் செங்காந்தள் வந்ததுதான் பெரிய சிக்கலாகிவிட்டது, பார்க்க அழகு, கிழங்கு முழுக்க விசம், அம்மா அப்படி யாரைத்தான் மனதுக்குள் வைத்திருந்தாள் என்று அவள் மகன்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

ஏன் முளைத்தது என்று நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை. எங்களுக்கு இருந்த கவலையெல்லாம் என்ன முளைத்தது என்பதில்தான். அப்பாவுக்கு எருக்கு வந்துவிட்ட அவமானத்தில் ஒருவன் அதைப் பிடுங்கிப் போட்டு ரோசாச் செடி வைத்தான். சாயங்காலத்துக்குள் ரோசா கருகி எருக்கு முழங்கை உயரம் நின்றது. கல்லறையில் காய்த்ததைத் தின்னலாமா என்று கமிட்டி கூடி, தின்னலாம், ஆனால் ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் முற்றத்தில் ஏலம் விட்டுத்தான் தின்ன வேண்டும் என்று முடிவெடுத்தது. நெஞ்சுவலிக்காரர்களும் வயதானவர்களும் தங்களுக்கு என்ன முளைக்குமோ என்று பயந்ததில், கொஞ்ச காலம் ஊரில் பேசாதிருந்த அண்ணன் தம்பி பேசிக்கொண்டார்கள், அடைத்த பாதைகள் திறந்தன, கள்ள எடைக்கற்கள் கிணற்றுக்குள் போயின. பிறகு வழக்கம்போல ஆகிவிட்டோம்.

தோட்டம் மட்டும் நாளுக்கு நாள் அடர்ந்தது. தேனீ வந்தது, தேன்சிட்டு வந்தது, கீரிப்பிள்ளை குடும்பத்தோடு வந்தது. நடுவில் தஸ்நேவிஸ் கல்லறை மட்டும் வழித்துப் போட்ட மாதிரிக் கிடந்தது, பக்கத்துக் கல்லறைக் கொடிகள் அதன் விளிம்பு வரை வந்து, ஆள் இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டதுபோல் ஒதுங்கித் திரும்பிப் போயின.

தஸ்நேவிஸைக் கடல் கொண்டுபோய் மூன்று வருசம் ஆகியிருந்தது. தனியாகப் போன பைபர் போட், வலையும் மீனும் சோற்றுத் தூக்கும் அப்படியே இருக்க, ஆள் இல்லாமல் கரைக்கு வந்தது. கடலில் போனவன் உடம்பு கிடைக்காவிட்டால், அவன் கடைசியாக உடுத்திக் கழற்றிப் போட்ட உடுப்பைத் துவைக்காமல் பெட்டியில் வைத்து அடக்கம் பண்ணுவது எங்கள் ஊர் வழக்கம். பெண்டாட்டிதான் தனியறையில் வைத்துப் பெட்டியை மூட வேண்டும். அவள் மூடிய பிறகு பெற்றவளே கேட்டாலும் திறக்கக் கூடாது. அப்படித்தான் ஜெனோவாவும் மூடினாள், நாங்களும் சுமந்தோம்.

அதற்குப் பின் அவள் நண்டுக் கம்பெனிக்கு நண்டு உடைக்கப் போனாள். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் மாமியார் சூசானம்மாள். ஐஸ் கம்பெனியில் மோட்டார் பார்க்கிற லெயோன், சீக்காளித் தாயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணத்தை மறந்துபோனவன், ஒருநாள் அவளிடம் நேராக வந்து, "உங்களுக்குச் சம்மதம்னா சாமியிட்டப் பேசுறேன்" என்றான். அவள் ஒரு வருசம் கழித்துச் சம்மதம் என்றாள். தஸ்நேவிஸ் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயர் இல்லத்திலிருந்து அனுமதியும் வந்து, கோயிலில் முதல் ஓலை வாசிப்பதற்கும் தோட்டம் முளைப்பதற்கும் சரியாக இருந்தது.

மூன்று ஞாயிறு மூன்று ஓலை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் உண்டா என்று சாமியார் கேட்பார், யாரும் எதுவும் சொல்வதில்லை, எத்தனை தடை தெரிந்திருந்தாலும் வீட்டுக்குப் போய்த்தான் பேசிக்கொள்வோம். முதல் ஓலை அன்றைக்குச் சூசானம்மாள் எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒரு தடை தெரியும் சாமி. எம்மவன் குழியில ஒரு புல்லுகூட முளைக்கல. பேரு வைக்காத பிள்ளைக்கிக்கூட முளைச்சிருக்கு. எம்மவனுக்கு முளைக்கலன்னா என்ன அர்த்தம்? உசுரோட இருக்கவன் பொண்டாட்டிய எப்படி இன்னொருத்தனுக்குக் கட்டி வைப்பீக?"

விதை கொண்டுவரச் சொன்னவர் என்ற முறையில் ததேயு சாமிக்கு வேர்த்துவிட்டது. செடியைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் ஓலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவோம்" என்றார்.

அதிலிருந்து ஜெனோவாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் தோட்டத்துக்குள் போய் அந்த வெறும் மண்ணைப் பார்ப்பாள். ஊரும் பார்க்கும், பார்த்துவிட்டு அவளைப் பார்க்கும். லெயோன் ஒருநாள் ஐஸ் கம்பெனி வாசலில் அவளை நிறுத்தினான்.

"அங்க போயிப் போயி நிக்காத. நானும் போனேன்."

"என்னத்துக்கு?"

"முளைச்சிருக்கான்னு பாக்கத்தான். முளைக்கணும்னு முட்டி போட்டேன். ஒரு மனுசன் செத்திருக்கணும்னு செபம் பண்ணுறமேன்னு பாதியில எந்திரிச்சி வந்துட்டேன்."

"நானும்தான்" என்றாள் ஜெனோவா. சொன்னதும் பயந்துபோய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். தஸ்நேவிஸ் செத்திருக்கவும் வேண்டாம், வந்துவிடவும் வேண்டாம் என்று நினைக்கிற மனசை வைத்துக்கொண்டு எந்தச் சாமி முன்னால் போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கடலிலிருந்து கொடி ஏறியது. அடம்பங்கொடி கடற்கரையில் கிடப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஆட்டுக்குளம்பு மாதிரி இலையும் கத்தரிப்பூ நிறத்தில் புனல் பூவுமாக மணல் முழுக்கக் கிடக்கும், நாங்கள் அதன்மேல்தான் வலை காயப்போடுவோம். ஆனால் இந்தக் கொடி அலைக்குள்ளிருந்து வந்தது. இடுப்பளவு தண்ணீர் வரை அதைத் தொட்டுக்கொண்டே போனவர்கள், அதற்கு அப்பாலும் போகிறது, தண்ணீருக்கடியிலும் இலை பச்சையாகத்தான் இருக்கிறது என்று வந்து சொன்னார்கள். மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி, ஐஸ் கம்பெனிச் சுவரை ஒட்டி, ஒரு நாளைக்கு நாலைந்து வீட்டு நீளம் வளர்ந்து, அது தார் ரோட்டில் ஏறியது.

முதல் நாள் மினி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "இது யாரோட கொடிய்யா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் பேர் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்றைக்கே இரண்டு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, பழைய வள்ளத்துப் பலகைகளை அதன்மேல் போட்டு, கொடி நசுங்காமல் வண்டி ஏறி இறங்கப் பாலம் கட்டினோம். ஆடுகளைக் கட்டிப் போட்டோம். தண்ணீர் பிடிக்கிற பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூங்குகிறவன் காலைத் தாண்டுகிற மாதிரிப் பார்த்துத் தாண்டினார்கள்.

மாதா சுரூபம் வைத்த சிறு குகையான கெபி முக்கில் பாதை பிரியும். மேற்கே போனால் கோயிலும் கல்லறைத் தோட்டமும், தெற்கே போனால் ஜெனோவாவின் தெரு. கொடி நுனி கெபிக்கு வந்த அன்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை. குடை பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியூர்க்காரன் முக்கில் நின்று வழி விசாரிக்கிற மாதிரி அது மத்தியானம் முழுக்க அங்கேயே கிடந்தது. பிறகு தெற்கே திரும்பியது.

சூசானம்மாள் போட்ட சத்தத்தில் கெபி மேலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. "எம்மவன் வாரான்! வீட்டுக்கு வாரான்!" என்று தெரு முழுக்க ஓடினாள். அவனுக்குப் பிடித்த சீலாமீன் குழம்பு வைத்தாள். கொடி போகும் வழியில் ஒரு கல் கிடக்கக் கூடாதென்று தெருவைக் கூட்டினாள். லெயோன் அந்தத் தெருப் பக்கமே வராமல் ஐஸ் கம்பெனிக்குள் மோட்டாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். ஊர் இரண்டாகப் பிரிந்து, வீட்டுக்கு வருகிறவன் உயிரோடிருப்பவன்தான் என்று ஒரு பாதியும், செத்தவன் வீட்டுக்கு வந்தால் அதற்கு என்ன பூசை வைப்பது என்று மறுபாதியும் பேசிக்கொண்டது.

அது எதற்காக வருகிறது என்று ஜெனோவாவுக்கு மட்டும் தெரியும்.

அவள் பெட்டியில் வைத்து மூடியது அவன் போட்டுக் கழற்றிய சட்டை இல்லை. அடக்கத்தன்று துணிக்கொடியில் கிடந்த அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து முகத்தில் வைத்தவள், அவன் வேர்வையும் டீசலும் உப்பும் சேர்ந்த வாசம் அதில் அப்படியே இருக்கக் கண்டு, இதையும் குழிக்குள் போட்டுவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று, அதைத் தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, திருவிழாவுக்கு என்று வாங்கி அவன் போட்டே பார்க்காத புதுச் சட்டையை, காலருக்குள் அட்டையும் குண்டூசியுமாக, சவப்பெட்டியில் வைத்து மூடினாள். நாங்கள் அடக்கம் பண்ணியது கடைச் சட்டையை. அதில் எப்படி முளைக்கும்?

ஒவ்வொரு விடியலிலும் அவள் கதவைத் திறந்து பார்ப்பாள், நுனி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும். ஒரு மத்தியானம் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நுனியிலிருந்த இளம் இலைகள் இரண்டும், உள்ளங்கைகளைச் சேர்த்த மாதிரி மூடியிருந்தவை, அவள் நிழல் பட்டதும் விரிந்தன. அவள் அரிவாளைப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அது கதவுக்கடியில் நுழைந்தது. சூசானம்மாள் ஓடிவந்து கதவைத் தட்ட, ஜெனோவா திறந்தாள், தெருவே வாசலில் நின்றது. கொடி நடுவீட்டுக்கு வந்தது. சூசானம்மாள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி, "வாய்யா, எஞ்சாமி, அம்மையப் பாரு" என்றாள். அது அந்தக் கைகளைத் தொடாமல் சுற்றி ஒதுங்கிப் போனது. ஜெனோவாவின் காலடியிலும் நிற்கவில்லை. கட்டிலுக்கடியில் புகுந்து, டிரங்குப் பெட்டியின் பூட்டில் நுனியை வைத்துக் கிடந்தது.

ஜெனோவா பெட்டியை இழுத்துத் திறந்து, சேலைகளை அள்ளி வெளியே போட்டு, சட்டையை எடுத்தாள்.

"மாமி, நான் குழியில வச்சது அவுக சட்டை இல்ல. புதுச் சட்டை. இதைத்தான் வச்சிருக்கணும். எனக்கு மனசு வரல."

சூசானம்மாள் எழுந்து வந்து அதை வாங்கினாள். மார்புப் பொத்தான் ஒன்று மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது. அந்தப் பொத்தானை அவள்தான் தைத்திருந்தாள். அதை விரலால் தடவிப் பார்த்தவள், சட்டென்று மருமகளின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"ஏட்டி, மூணு வருசமா இத வச்சிக்கிட்டிருந்தியே, எனக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் காட்டினியாட்டி? நான் அவனப் பெத்தவ இல்லியா?"

ஜெனோவாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரை அவள் பயந்துகொண்டு மட்டும்தான் இருந்தாள். சூசானம்மாள் சட்டையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள், மகன் உயிரோடு வருகிறான் என்று ஊரைக் கூட்டியவள், அவன் இனி வரமாட்டான் என்பதை அந்தச் சட்டைக்குள்ளேயே தெரிந்துகொண்ட மாதிரி முகத்தை எடுத்தாள்.

"வா" என்றாள். "கொண்டுபோயி விட்டுட்டு வருவோம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பக்கம் சட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்கள். கொடி வீட்டைவிட்டு வெளியே வந்து அவர்கள் பின்னால் வந்தது, நாள் முழுக்க நாலு வீடு நகர்ந்த கொடி, இப்போது நடக்கிறவர்கள் நடைக்கு வந்தது. நாங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றோம், ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள், உபதேசியார் வஸ்தியான் ஓடிப்போய்த் துக்க மணி அடித்தார். கெபி முக்கில் அது தயங்கவில்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து லெயோன் கையில் கிரீசோடு அந்த முக்குக்கு வந்து நின்றான். அவர்கள் தாண்டிப் போனதும், கடைசி ஆளாகப் பின்னால் சேர்ந்துகொண்டான்.

குழியைத் திரும்பத் தோண்டியபோது பெட்டி இற்றுப்போயிருந்தது, கடைச் சட்டை மட்டும் வாங்கின அன்று இருந்த மாதிரி மடிப்பு கலையாமல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, ஜெனோவா நீலச் சட்டையை வைத்தாள். ததேயு சாமி தண்ணீர் தெளித்துச் செபம் சொல்லி முடிக்குமுன் கொடி அவரைச் சுற்றிப் போய்க் குழிக்குள் இறங்கிவிட்டது. மண்ணைத் தள்ளினோம். கலைந்து வந்தோம்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஜெனோவாவுக்கு உறைத்தது. மூன்று வருசம் தினமும் முகர்ந்தவள், கொடுக்கும்போது முகர்ந்து பார்க்கவில்லை. மாமியார் முகத்தில் வைத்திருந்தாள், பிறகு தெருவெல்லாம் ஆள், பிறகு குழி. கடைசியாக ஒரு தடவை முகர மறந்துபோனாள். ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. சூசானம்மாள் அன்று பூசைக்கே வரவில்லை. அவள் வரவில்லை என்பது ஜெனோவாவுக்கு எழுந்து நின்றதைவிடப் பெரிய பயமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டுக் கதவுகளும் பார்த்துக்கொள்ளாமல் கிடந்தன.

மூன்றாம் ஓலை அன்று காலை, முதல் மணி அடித்த பிறகு, சூசானம்மாள் வந்து வாசலில் நின்று, "வா எங்கூட" என்று மட்டும் சொன்னாள். எங்கே என்று கேட்கப் பயந்து ஜெனோவா பின்னால் நடந்தாள். தோட்டத்துக்குள் தும்பையும் நாயுருவியும் கத்தரியும் பனியில் நனைந்து நின்றன. தஸ்நேவிஸ் கல்லறை தெரியாத அளவுக்கு அடம்பு மூடியிருந்தது, அதன் நடுவில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது.

"குனிஞ்சி மோந்து பாரு."

"அடம்பம்பூவுல ஏது மாமி வாசம்?"

"பாருட்டி."

ஜெனோவா முட்டி போட்டுக் குனிந்தாள். வேர்வை, டீசல், உப்பு. கடலுக்குப் போய்விட்டு வந்து கதவைத் தட்டுகிறவன் மேல் வருகிற அதே வாசம். அவள் கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்று ஆகிறவரை முகர்ந்தாள்.

கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. சூசானம்மாள் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, நீ போ, ஓலை வாசிக்கப் போறாவ. லெயோன் தேடுவான்" என்றாள். "இது வெயில் ஏறினா மூடிரும். நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்."